ஆமென் சொன்ன பத்தொன்பது பேர்

கேட்டதைத் தருகிறவர் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கோயிலில் சொல்வார்கள், நாங்களும் தலையை ஆட்டுவோம், ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பைக் கொதிக்க வைப்போம். ஆனால் கேட்டதைக் கேட்டபடியே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்து, வீடு தப்பாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார் என்று கிருபையூரில் ஒருத்திகூட நினைத்திருக்கவில்லை. நினைத்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் யோசித்து வாயைத் திறந்திருப்போம்.

செவ்வாய் மூன்று மணிக்கு எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டம். கோயிலை ஒட்டிய சின்ன ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். மனபாரம் உள்ளவர்கள் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவில் போட வேண்டும், பெயர் எழுத வேண்டியதில்லை, யார் எழுதியது என்று யாரும் கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்காமல் இருப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். பசு பால் சுரக்க, மகனுக்கு விசா வர, மருமகள் வாய் அடங்க, மாமியார் வாய் அடங்க என்று வரும். கடைசி இரண்டும் சில வாரம் ஒரே வீட்டிலிருந்து வரும். அந்த வாரம் அடியில் கிடந்த காகிதத்தில், எழுதத் தெரியாதவர் எழுதினது போலக் கோணல் மாணலாக இருந்தது: "ஒரு பெண்பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள். ஏன் என்று தெரியவில்லை. ஜெபியுங்கள்."

அதற்கு ஜெபிக்கக் கிளாடிஸ் அக்காவைச் சொன்னோம். கிளாடிஸ் அக்கா ஜெபத்தைத் தொடங்கினால் திருச்செந்தூர் பஸ் போய், உடன்குடி பஸ் வந்து, அதுவும் போய்விடும். அவ்வளவு அழகான வார்த்தைகள் அவள் வாயில் வரும், வருகிற வார்த்தையை விடவும் மாட்டாள். அன்றைக்கும் வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக அந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தாள். "ஆண்டவரே, அவள் ஒருத்தியாய்ச் சுமக்கிறாளே! அந்த வேதனையை எங்களுக்குப் பங்கிட்டுத் தாரும், அவளிடத்தில் ஒரு துளியும் வையாதேயும், நாங்கள் சுமக்கிறோம் ஆண்டவரே!"

அந்த நேரம் பார்த்து ஐயர் வீட்டு அடுப்படியிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசம் வந்தது. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் வீட்டுக்காரி ஐயரம்மா. மணி நாலே கால். இனி விட்டால் மோசே கடலைப் பிளக்கிற வரைக்கும் கிளாடிஸ் அக்கா போய்விடுவாள் என்று, ஜெபம் முடிவதற்குள்ளேயே நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஹால் அதிர "ஆமென்!" என்றோம். நானும் சொன்னேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் எதுவோ வந்து உட்கார்ந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது, துக்கத்துக்கு ஒரு முகம் இருக்குமே, இதற்கு முகம் இல்லை. நனைந்த சாக்கை மடித்து நெஞ்சுக்குள் வைத்தது போல ஒரு பாரம். கொஞ்ச நேரத்தில் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, சுரீரென்று ஒரு எரிச்சல், கட்டெறும்பு கடித்ததைவிடக் கூட, சுடுகஞ்சி தெறித்ததைவிடக் குறைவு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உபவாச நாளில் யாருக்கும் தெரியாமல் ஒரு வாழைப்பழம் தின்றிருந்தேன், அதற்குத்தான் இது என்று முடிவு பண்ணி, சத்தமில்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிச்சத் தேங்காயைத் துருவினேன்.

அதே நேரத்தில் கிருபையூரில் இன்னும் பதினெட்டு அடுப்படிகளில் பதினெட்டு பேர் அவரவர் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்திக்கும் அவரவர் வாழைப்பழம் ஒன்று ஞாபகத்துக்கு வந்திருக்கிறது, அதனால் ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரேஷன் கடையில்தான் குட்டு வெளிப்பட்டது. வரிசையில் நாங்கள் எட்டுப் பேர் பையோடு நின்றோம். திடீரென்று எட்டுப் பேரும் ஒரே மூச்சில் "ஸ்ஸ்..." என்று இடது கையைப் பிடித்தோம். சீனி நிறுத்துக்கொண்டிருந்த பையன் தராசை விட்டுவிட்டு, "என்னம்மா, எறும்பு இந்தப் பக்கம் ஊர்வலம் போகுதா?" என்று கேட்டான். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

"உனக்குமாட்டி?" என்றாள் கிளாடிஸ் அக்கா.

"உங்களுக்குமாக்கா?" என்றாள் சாந்தா மைனி.

"எனக்கு முந்தாநாளும் வந்துச்சு" என்றேன் நான்.

சீனி வாங்காமலே நேராக ஜெப ஹாலுக்குப் போனோம், ஆள் அனுப்பி மற்றவர்களையும் வரச் சொன்னோம். யாருக்கெல்லாம் வந்தது, என்றிலிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை ஹாலில் இருந்தவர்களுக்கு மட்டும் வந்திருக்கிறது; அதிலும் ஆமென் சொன்னவர்களுக்கு மட்டும். வாயை மட்டும் அசைப்பவள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த சாந்தா மைனிக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகவே வலித்திருக்கிறது, அதில் அவளைப் பற்றி இருபது வருஷமாகப் பேசினதை எல்லாம் நாங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தது இருபத்திரண்டு பேர். வலி வந்தது பத்தொன்பது பேருக்கு. ஐயரம்மா பாதியில் எழுந்து பஜ்ஜி போடப் போய்விட்டாள், ஆமென் சொல்லவில்லை, அவளுக்கு வரவில்லை. ரோஸ்பாய் சித்தி எப்போதும்போல ஜெபத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அவளுக்கும் வரவில்லை. ஆனால் அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. என்ன, தூங்கினேன்னு சொல்லுதியளா? கண்ணை மூடித் தியானத்துல இருந்தேன். இங்க பாருங்க, எப்பிடித் துடிக்குதுன்னு" என்று கையை நீட்டினாள்.

"சித்தி, அது வலது கை" என்றாள் சாந்தா மைனி.

மூன்றாவது ஆள் பியூலா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், அவள் வீட்டுக்காரர் கப்பலில், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பிளஸ் ஒன் படிக்கிற ஒரே மகள் கெசியா. மூலையில் நின்றுகொண்டிருந்த பியூலா, "எனக்கு ஒண்ணும் வலிக்கலியே அக்கா" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

"நீ தூங்கலியே, என் பக்கத்துலதானே இருந்த. ஆமென் சொல்லலியா?" என்று கேட்டாள் கிளாடிஸ் அக்கா. வேறு எதையும் நினைத்து அவள் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது. அன்றைக்கு ஜெபம் முடிகையில் பியூலா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன், தும்மல் வருகிறது போல என்று நினைத்திருந்தேன். இந்தக் கோடையிலும் கெசியா முழுக்கைச் சட்டையோடு போவதை எல்லோரும் பார்த்திருந்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மோஸ்தர் என்று நினைத்திருந்தோம்.

"சொல்ல வாய் வரலக்கா. இடது கையால எழுதிப் போட்டேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. என் பிள்ளைதான்."

பிறகு நடந்தது எங்கள் ஜெபக் கூட்டத்தின் சரித்திரத்திலேயே நடக்காதது. இருபத்தொரு பெண்பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தோம்.

பியூலாதான் பேசினாள். "உங்க எல்லாருக்கும் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியல. எனக்கும் ஒரு பங்கு வேணும். இப்ப சொல்லுதேன். ஆமென். ஆமென்." பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். தன் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

விஷயம் ஆண்களுக்கு எட்டினதும் சபைக் கமிட்டி கூடியது. ஐயர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கேட்டது நீங்க, கொடுத்தது அவர், நடுவுல நான் என்ன செய்யட்டும்? வேணும்னா திருப்பி எடுத்துக்கிடச் சொல்லி ஜெபம் பண்ணுங்க" என்றார். இதுவும் நியாயமாகத்தான் பட்டது. சாந்தா மைனி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள், இன்னொருத்திக்குத் தோசை கருகிக் கருகி வீட்டுக்காரர் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஆகவே அடுத்த செவ்வாயும் கூடினோம், பியூலா டூட்டியிலிருந்து வரும் முன்னாலேயே கூடினோம். கிளாடிஸ் அக்கா எழுந்தாள். அவள் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம் அதுதான். "ஆண்டவரே, எங்களுக்குத் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

திரும்ப எடுத்தால் அது எங்கே போகும்? நெஞ்சில் வந்து உட்காருகிற அந்த நனைந்த சாக்கு, பத்தொன்பதில் ஒரு பங்கு, அதற்கே எனக்கு அடுப்பு மூட்டக் கை எழவில்லை, அதற்கே சாந்தா மைனி கல்யாண ஜவுளியைப் பிரித்துப் பார்க்க மனசில்லாமல் மூடி வைத்துவிட்டாள். அதை முழுசாக, புத்தகப் பையோடு சேர்த்து, அந்தப் பிள்ளை காலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சாயங்காலம் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள், எங்களைப் பார்த்து "ஸ்தோத்திரம் பெரியம்மா" என்று சொல்லிக்கொண்டும் போயிருக்கிறாள். நான் பக்கத்தில் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கிளாடிஸ் அக்கா கண்ணைத் திறந்து, "அப்பம் சரி" என்று உட்கார்ந்துகொண்டாள்.

வலி நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில்தான் வரும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, பியூலா வீடு சேருகிற வரைக்குமான நேரம் அது. அந்த நேரத்துக்கு ஆள் போக வேண்டும், ஆனால் எதற்கு வந்தோம் என்று தெரியக் கூடாது, பிள்ளை மனசு நோகும் என்று பேசி வைத்தோம். எங்களைப் போல ரகசியத்தில் கெட்டிக்காரிகள் கிடையாது என்று நினைப்பு. திங்கள் சாந்தா மைனி உப்பு கேட்டுப் போனாள், செவ்வாய் இன்னொருத்தி உப்பு கேட்டுப் போனாள், புதன் நான் போனேன், எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

கெசியா கதவைத் திறந்தாள். ஒல்லியான பிள்ளை, கண் மட்டும் பெரிசு. உப்பு டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பெரியம்மா, உங்க யாரு வீட்டுலயும் உப்பு வாங்குறதே இல்லையா?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் நிற்காது. உள்ளே போய் உட்கார்ந்து, பஜ்ஜி வாசத்திலிருந்து ரேஷன் கடை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நின்றபடியே கேட்டாள். சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பம்... என்னாலயா உங்களுக்கெல்லாம் வலிக்கு?"

"உன்னால இல்ல பிள்ள. நாங்கதான் கேட்டு வாங்கினோம். சத்தம் போட்டுக் கேட்டோம். பஜ்ஜி ஆறிரும்னு அவசரத்துல கேட்டோம், அது எங்க தப்பு."

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு வலிக்கவே மாட்டேங்கு பெரியம்மா. போன வருஷத்துல இருந்தே குறைஞ்சிட்டே வந்துச்சு. இப்பம் சுத்தமா இல்ல. எதுவுமே உறைக்கல. சோறு ருசி தெரியல, பாட்டுக் கேட்டா பாட்டு மாதிரி இல்ல. மரக்கட்டை மாதிரி இருக்கேன்" என்றாள்.

எதனால் என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவளும் யோசித்துப் பார்த்தாள். கூடப் படிக்கிற தோழி பேசுவதை நிறுத்தியது, அப்பா போனில் வரும்போது சிக்னல் கிடைக்காதது, பரீட்சை, அம்மா களைத்து வருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா இது எதுவும் இல்ல பெரியம்மா. எதுன்னு சொல்லத் தெரியல" என்றாள்.

"வலிக்கு முன்னாடி நெஞ்சுக்குள்ள ஒண்ணு வந்து உக்காருமே, நனைஞ்ச சாக்கு மாதிரி, அதுவா?"

அவள் தலையை வெடுக்கென்று தூக்கினாள். "அது உங்களுக்குத் தெரியுமா?"

"பத்தொன்பதுல ஒரு பங்கு தெரியும். அதுக்கே நான் ரெண்டு நாள் சமைக்கல."

அப்போதுதான் அழுதாள். என் பிள்ளைகள் மூன்று பேர் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், அவர்கள் பதினாறு வயசில் என்ன சுமந்தார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அந்த வருத்தத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ஒரு காரியத்தை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு உதவி செய்வியா? அது வரும்போல இருந்தா எங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பாலை அடுப்புல வச்சிருப்போம், எண்ணெய் காஞ்சிட்டிருக்கும். அணைச்சுக்கிடுதோம்."

"அடுப்பை அணைக்கவா?"

"ஆமா. வேற எதுக்கு?"

"சரி பெரியம்மா" என்றாள்.

அப்படித்தான் கிருபையூரில் மிஸ்டு கால் வழக்கம் வந்தது. சாயங்காலம் யார் போனாவது ஒரு தடவை அடித்து ஓயும். அந்த வீட்டுக்காரி அடுப்பை அணைப்பாள், அணைத்த பிறகு சும்மா நிற்பானேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பியூலா வீட்டுக்கு நடப்பாள். போய்ப் பெரிசாக ஒன்றும் செய்வதில்லை. வெங்காயம் உரிப்பது, மருமகளைப் பற்றிப் பேசுவது, கெசியாவைக் கணக்குப் பாடம் சொல்லச் சொல்லிக் கேட்டு ஒன்றும் விளங்காமல் தலையாட்டுவது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சில நாள் அந்தச் சாக்கு எழுந்து போயிருக்கும். எரிச்சல் வாரத்துக்கு நாலு என்று இருந்தது இரண்டானது. ஊரும் பழகிக்கொண்டது. பஸ்ஸில் நாலு பெண்பிள்ளைகள் ஒன்றாக "ஸ்ஸ்" என்றால் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை ஓரம் கட்டுவார், "ஆச்சாம்மா? போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

பியூலா பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போடுகிறவள் என்று பேர், தன் பிள்ளையை இந்த வாசலுக்குக் கொண்டுவர அவளுக்கு இவ்வளவு நாள் வெட்கம் விடவில்லை. தனியாகத்தான் போவதாக இருந்தாள். வேனில் ஏறினபோது உள்ளே ஏற்கெனவே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம், புளியோதரைத் தூக்குவாளியோடு.

டாக்டர் ரஹ்மத் பீவி சின்ன வயசுக்காரி. கதவைத் திறந்து பெஞ்சு நிறைய எங்களைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்கல்லாம்?" என்று கேட்டாள்.

"சொந்தக்காரங்க" என்றாள் பியூலா.

"எல்லாருமா?"

பியூலா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும்" என்றாள்.

உள்ளே ரத்தம் எடுக்கக் கெசியாவின் விரலில் குத்தினார்கள். அவள் ஆடாமல் அசையாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெளியே பெஞ்சில் நாங்கள் பதினோரு பேரும் விரலை உதறிக்கொண்டு "யப்பா!" என்று கத்தினோம், பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். டாக்டர் எட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவை குத்திப் பார்க்கவா வேண்டாமா என்று யோசித்தாள், எங்கள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று விட்டாள். சீட்டில் எழுதினதைப் பியூலா பிறகு படித்துக் காட்டினாள்: "வலி உணர்வு: நோயாளிக்கு இல்லை. வெளியே பெஞ்சில் அதிகம்."

எங்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். "இது பாவம் இல்லை, சாபம் இல்லை, பிள்ளை நடிக்கவும் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு. வாரம் ஒரு நாள் வந்து பேசணும், மாத்திரை ஒழுங்காப் போடணும். நீங்க செய்றதையும் நிறுத்தாதீங்க." கிளாடிஸ் அக்கா உடனே ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். டாக்டர் மணியைப் பார்த்தாள். நாங்கள் அக்காவை வெளியே கூட்டிக்கொண்டு வந்தோம்.

எல்லாம் நேர் கோட்டில் போய்விடவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள், மிஸ்டு கால் இல்லாமல், சாக்கு வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த வேகத்தில் கையும் எரிந்தது, இதுவரைக்கும் வராத எரிச்சல். எங்கள் பத்தொன்பது பேர் வீட்டிலும் பால் பொங்கி வழிந்தது, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. குடை எடுக்கவில்லை, செருப்பு போடவில்லை, சந்து சந்தாக ஓடி ஒரே நேரத்தில் பியூலா வீட்டு முற்றத்தில் போய் மோதிக்கொண்டோம். கெசியா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் துணி சுற்றியிருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கால் பண்ண வெக்கமா இருந்துச்சு" என்றாள். "நல்லாயிட்டேன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டிய."

அப்போது ரோஸ்பாய் சித்தி கடைசியாக மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள், சேலை முழங்கால் வரைக்கும் சேறு, வலது கையை இறுகப் பிடித்திருந்தாள். "எம்மா... என்னா வலி... எனக்கும் வலிச்சுதா, அதான் ஓடியாந்தேன்!"

கெசியா அவளைப் பார்த்தாள். "பாட்டி, இடது கை" என்றாள்.

சித்தி குனிந்து கையைப் பார்த்து, சத்தமில்லாமல் அந்தக் கையை விட்டு மற்றதைப் பிடித்தாள். கெசியா சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, மூக்கு ஒழுக, நிறுத்த முடியாமல் சிரித்தாள், நாங்களும் மழையில் நின்று சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பியூலா டூட்டி முடிந்து வந்தாள். முற்றம் நிறையப் பெண்பிள்ளைகள் கூடி நிற்பதை வாசலிலிருந்து பார்த்தாள். ஒரு வீட்டு முற்றத்தில் எதற்குக் கூட்டம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இருக்கா, இருக்கா, நல்லா இருக்கா" என்று நாங்கள் கத்தினது அவள் காதில் ஏற வெகுநேரம் ஆயிற்று. தவழ்ந்துதான் வந்தாள். மகளின் கையில் சுற்றின துணியை அவிழ்த்தாள், கழுவி மருந்து போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்:

"ஊருக்கே தெரியுதுட்டி. எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்கு. எனக்கு நீ சொன்னாத்தான் தெரியும். வாயால சொல்லு. எதுன்னு தெரியலன்னா, தெரியலன்னாவது சொல்லு."

அதன் பிறகு அங்கே நிற்பது முறையில்லை என்று நாங்கள் வந்துவிட்டோம். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, பேச்சுச் சத்தம்தான் கேட்டது, சாந்தா மைனி வீட்டிலிருந்து தோசை போயிற்று. ஆமென் சொல்லாத ஒருத்தியிடம்தான் பிள்ளை எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கர்த்தர் யோசித்துத்தான் செய்தாரா, கணக்கில் விட்டுப்போனதா என்று நான் கேட்கப் போவதில்லை.

மார்கழியில் இரண்டு தடவை வந்தது. அதற்குப் பிறகு மிஸ்டு கால் மட்டும் வந்தது, வலி வரவில்லை. சில நாள் மிஸ்டு கால் அடித்துப் போனால், "சும்மாதான் பெரியம்மா, பேச்சுத் துணைக்கு" என்பாள். நாங்களும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனோம்.

தை மாசம் எங்கள் கோயில் பண்டிகை. அன்றைக்கு அசனம், அதாவது வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒரே பந்தலில் ஆக்கி, ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. பியூலா கொட்டகையில் சாம்பார் அண்டாவுக்குக் காவல். கெசியா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள், அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள், கையில் பழைய தழும்புகள் வெளியே தெரிந்தன, அவள் மறைக்கவில்லை, நாங்களும் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க ரோஸ்பாய் சித்தி வந்த வேகத்தில், அவளுடைய அவ்வளவு கனமும் சேர்த்து, கெசியாவின் வலது கால் பெருவிரலில் ஏறி நின்றாள்.

"யம்மா!"

பந்தல் அதிர்ந்தது. நாங்கள் பத்தொன்பது பேரும் பழக்கத்தில் இலையை விட்டுவிட்டு, குனிந்து, அவரவர் வலது கால் பெருவிரலைப் பிடித்தோம். பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒன்றும் இல்லை.

சாந்தா மைனி என்னைப் பார்த்தாள். நான் கிளாடிஸ் அக்காவைப் பார்த்தேன். எங்களில் ஒருத்திக்கும் வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த விரலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் என்னவோபோல இருந்தது, வீட்டிலிருந்து ஒரு ஆள் ஊருக்குப் புறப்பட்டுப் போனது போல.

பியூலா அகப்பையோடு கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். "எங்கட்டி? யாருக்கு?"

"கால்ல... என் கால்லம்மா" என்றாள் கெசியா, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிறைந்து. "வலிக்கும்மா! ரொம்ப வலிக்கு! எனக்கு வலிக்கும்மா!"

வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லி இவ்வளவு பெரிய கூட்டம் சந்தோஷப்பட்டது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. பியூலா மணலில் அப்படியே உட்கார்ந்து, மகளின் காலை எடுத்து மடியில் வைத்து, சிவந்து வீங்கின அந்த விரலை உள்ளங்கையால் பொத்தினாள், குனிந்து ஊதினாள். பிறகு, ஆனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை வாய்க்குள்ளேயே நின்றுபோன அந்த ஒரு வார்த்தையை, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"ஆமென்."

பக்கத்தில் நின்ற ரோஸ்பாய் சித்தி, தான் மிதித்த கால் எது என்று ஒரு தடவை பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, சரியான காலைப் பிடித்து, "எனக்கும்தான்" என்றாள். அந்தச் சமயம் கிளாடிஸ் அக்கா எழுந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, "ஆண்டவரே" என்று வாயைத் திறந்தாள். கையில் ஒட்டியிருந்த சோற்றோடேயே நாங்கள் பதினெட்டுப் பேரும் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினோம்.